அரைக் கட்டை இறக்கச் சொன்னார்கள்

கிட்டார் ரிப்பேர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் நாலைந்து பேரும் என்னிடம் கேட்பது ஒன்றேதான். பேஸ் கிட்டாரின் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை எவ்வளவு திருப்ப வேண்டும், வாசிக்கிற கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும். அதெல்லாம் இப்போது போனிலேயே வருகிறது. வெள்ளைக்காரர் ஒருவர் மேசை மேல் பச்சைத் துணி விரித்து அழகாகச் செய்து காட்டுகிறார். நான் முப்பது வருஷமாகக் கோணலாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை அவர் இரண்டே நிமிஷத்தில் நேராகச் செய்தார். பார்த்துவிட்டுப் போனை அணைத்து வைத்துவிட்டேன். ஆகவே திருப்புகிற கணக்கை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கி, ஒரு ஆளுக்கு மேடையில் இருந்த இடத்தைக் கிட்டத்தட்ட நானே பறித்துவிட்ட கதை அவரிடம் இருக்காது. அதை நான் சொல்கிறேன்.

நான் மரவேலைக்காரன். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கதவு, ஜன்னல், பூஜை அலமாரி என்று செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஒருவர் ஹார்மோனியத்தின் மூடியைக் கொண்டுவந்தார். மூடி ஒழுங்காக அமைந்துவிட்டது. அவர் சொல்லி இன்னொருவர் கிட்டார் கொண்டுவந்தார். அவர் சொல்லி மூன்றாவது ஆள் பேஸ் கிட்டார் கொண்டுவந்தார். அதுவரை நான் பேஸைக் கண்ணால் பார்த்ததில்லை. தடித்தடியாக நாலு கம்பி.

"மீதி ரெண்டு கம்பி எங்கங்க?" என்று கேட்டேன்.

"இதுக்கு நாலுதாங்க."

"கடைக்காரன் அப்படிச் சொல்லித்தான் வித்தானா?"

அவர் கிட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அப்புறம்தான் பயம் வந்தது. போகவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது. பாலக்கரையிலிருந்து சர்ச்சில் வாசிக்கிறவர் ஒருவர் வந்து, "நட் தேஞ்சு போச்சு, பாத்து வைங்க" என்று பேஸைக் கொடுத்துவிட்டுப் போனார். நட் என்றால் எனக்குத் தெரியாதா? போல்ட்டுக்கு மேல் வருவது. கம்பி முறுக்குகிற சாவிகளில் இருந்த அத்தனை நட்டையும் ஸ்பேனர் வைத்து முறுக்கி, இரண்டைப் புதிதாகவும் மாற்றி வைத்தேன். அவர் வந்து வாசித்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி வாசித்துப் பார்த்தார். அவர் சொன்னது வேறு. கழுத்தின் தலைப்பக்கம், கம்பிகள் ஏறி உட்கார்ந்து போகிற சின்ன எலும்புத் துண்டு ஒன்று இருக்கிறதே, நாலு பள்ளம் போட்டது, அதற்கும் நட் என்றுதான் பெயராம்.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் கடைக்குள் அந்த எலும்புத் துண்டுக்கு நட் என்கிற பெயர் கிடையாது. அதற்குப் பெயர் கட்டை. வருகிறவர்கள் எல்லோரையும் அப்படியே சொல்ல வைத்தேன். குழப்பம் ஒழிந்தது என்று நினைத்தேன்.

இப்போது ஜமால்.

ஜமால் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். என்னைவிட இருபது வயது சின்னவன். சாயங்காலமும் லீவு நாளிலும் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பான். கல்யாண ரிசப்ஷன், அம்மன் கோயில் திருவிழா, தர்காவில் சந்தனக்கூடு, மேடை எதுவானாலும் பின்னால் ஓரமாக நிற்பான். இருபது வருஷமாக ஒரே குழு. புதுக் கம்பி வாங்குவதில்லை. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் காய்ச்சி, துடைத்து மாட்டுவான். அழுக்குப் போனால் சத்தம் திரும்ப வரும், அது உண்மைதான், நீங்களும் அவசரத்துக்குச் செய்து பார்க்கலாம். ஆனால் அவன் மாதிரி வீட்டில் புதிதாக வாங்கிய பால் சட்டியில் காய்ச்சாதீர்கள். அவன் மனைவி ஒரு வாரம் பேசவில்லையாம்.

ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன பாய், முகம் சரியில்லையே. மறுபடியும் சட்டியா?"

"மாஸ்டர் புது கீபோர்டு வாங்கியிருக்காருண்ணே. இடது கையிலயே பேஸ் வருது."

மாஸ்டர் என்றது குழுவை நடத்துகிறவரை. கீபோர்டும் அவரேதான் வாசிப்பார்.

"வந்தா வந்துட்டுப் போவுது."

"வந்தா நான் எதுக்குண்ணே? போன மாசம் ரெண்டு கல்யாணம், என்னைக் கூப்பிடாமலே முடிச்சிட்டாங்க. பேஸ்காரர் எங்கன்னு ஒரு ஆளு கேக்கலையாம். மாஸ்டரே சொல்றாரு, சிரிச்சிக்கிட்டு."

கம்பியைத் துடைத்தேன்.

"வெள்ளிக்கிழமை அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு ரிசப்ஷன். இதுல வாசிங்க, பாப்போம்னிருக்காரு. பாப்போம்னா என்ன அர்த்தம்ணே?"

"பாப்போம்னா பாப்போம்தான்."

"அதான் எனக்கும் புரியல."

கிட்டாரில் அவன் சொன்ன குறை இரண்டு. ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் போட்டால் உய்யென்று இரைச்சல். இன்னொன்று, முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் கட்டையை அடுத்த முதலாவதில், அழுத்தினால் விரல் நுனி கிழிகிறது. இரைச்சல் சின்ன விஷயம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் உள்ளே எர்த் ஒயர் பிழைத்திருக்கிறது, கோளாறு வேறெங்கோ. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் ஒயர் விட்டுப் போயிருக்கிறது. இவனுடையது விட்டுப் போயிருந்தது. பற்ற வைத்தேன், நின்றது. முதல் ஃப்ரெட் விஷயத்துக்குக் காரணம் கட்டை. அது கொஞ்சம் உயரம், கம்பி எட்டத்தில் நின்றது.

"கட்டை உசரம்தான். ஆனா இப்பத் தொட வேணாம். ரிசப்ஷன் முடியட்டும், புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றேன்.

"இப்பவே கொஞ்சம் இறக்க முடியாதாண்ணே?"

"திருப்புன ஆணியைத் திரும்பத் திருப்பிக்கலாம். அராவினதை ஒட்ட முடியாது. புரோகிராமுக்கு முன்னாடி அரத்தை எடுக்கவே கூடாது."

சரி என்று பேஸை என்னிடமே விட்டுவிட்டு அரை மனதாகப் போனான். நான் சொன்னது சரியான பேச்சு. அதை நான் சொன்னேன் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஜமாலிடமிருந்து போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். டீ நேரத்தில் ஒர்க்‌ஷாப் ஓரமாக நின்று பேசியிருக்கிறான். பின்னால் யாரோ இரும்பை அறுக்கிறார்கள். "அண்ணே, மாஸ்டர் இப்பத்தான் சொன்னாரு. பாடுற அம்மாவுக்கு..." கர்ர்ரென்று ஒரே இரைச்சல். "...சரியில்லையாம். எல்லாத்தையும் அரைக் கட்டை இறக்கிடுங்க. இறக்கி, அதுக்குத் தக்கன செட் பண்ணி வச்சிடுங்கண்ணே. போனை லாக்கர்ல வைக்கணும், சாயங்காலம் வரேன்."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பாடுகிற அம்மாவுக்கு என்ன சரியில்லை? பேஸ் சத்தம் சரியில்லை போலிருக்கிறது. ஏன் சரியில்லை? இவன் முதல் ஃப்ரெட்டில் சிரமப்பட்டு அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுதி ஏறித்தானே போகும். அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் கட்டையை இறக்கச் சொல்கிறான். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். தப்பான யோசனை எப்போதுமே இப்படித்தான், ஒரு பக்கமும் இடிக்காமல் போய் உட்காரும்.

ஒரு இடம்தான் இடித்தது. அரைக் கட்டை என்றால் எதில் அரை? கட்டையின் உயரத்தில் பாதியை எடுத்தால் கம்பி மரத்தில் படுத்துவிடும். அதைக்கூடவா தெரியாதவன் நான். கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பாதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜமாலுக்குப் போன் அடித்தேன். அணைத்திருந்தது. மூன்றரைக்கு ஷிஃப்ட் விடும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அவன் வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீறாப்பு. செவ்வாய்க்கிழமை நான் சொன்ன பேச்சு ஞாபகம் வந்தது. அவன்தானே மீறச் சொல்கிறான், நமக்கென்ன என்றும் தோன்றியது. அரத்தை எடுத்தேன்.

நாலு பள்ளத்தையும் இறக்கினேன். பாதி என்று நினைத்தது பாதிக்கும் கீழேயே போயிருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும். கம்பியை மாட்டி லேசாக மீட்டிப் பார்த்தேன். கடையில் வைத்து மெதுவாக மீட்டினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

நாலு மணிக்கு ஜமால் கூப்பிட்டான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாற நேரமாகும், நேராக மண்டபத்துக்கே கிட்டாரைக் கொண்டுவந்துவிடுங்கள் என்றான். சுற்றிலும் ஹாரன். கட்டை விஷயத்தைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டான். ஷேர் ஆட்டோவில் பேஸை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதன் தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டார்.

ஐந்தேகாலுக்கு ஜமால் வந்தான். மேடை ஓரமாக உட்கார்ந்து கிட்டாரை வாங்கி ஒரு கம்பியை மீட்டினான். முகம் சுருங்கியது.

"அண்ணே, இறக்கலையா?"

"இறக்கியிருக்கேனே."

"இல்லண்ணே. அப்படியே நிக்குது."

"நல்லாப் பாரு. பாதி இறக்கியிருக்கேன்."

"அரைண்ணே."

"அரைன்னாலும் பாதிதானே."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சரி, நானே இறக்கிக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு சாவிகளைத் திருப்பிக் கம்பிகளைத் தளர்த்தினான். எதற்காகத் தளர்த்துகிறான் என்று எனக்குப் புரியவில்லை. தளர்த்திவிட்டு மீட்டினான். ஜர்ரென்றது. அடுத்த கம்பி, அதுவும் ஜர். நாலு கம்பியும், விரல் வைக்காமல் விட்டால், தகர டப்பாவில் வண்டு அடைத்த மாதிரி. அவன் குனிந்து கட்டையைப் பார்த்தான். பள்ளங்களின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக எலும்புத் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே. நான் சொன்னது சுதிக் கட்டைண்ணே."

பாடுகிற அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்திருக்கிறது. எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை சுதி குறைத்துப் பாடுவதாக ஏற்பாடு. அதற்குத் தக்கபடி நாலு கம்பியையும் தளர்த்தி, தளர்ந்த கம்பி ஃப்ரெட்டில் இடிக்காதபடி கிட்டாரைச் சரிசெய்து வைக்கச் சொல்லியிருக்கிறான். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும், அதற்கு இன்னும் உயரம் வேண்டும். நானோ இருந்த உயரத்தையும் அராவி எடுத்துவிட்டேன். ஹார்மோனியத்துக்காரர்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று பேசுவது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் என் கடைக்குள் அந்த வார்த்தைக்கு நானே ஒரு அர்த்தம் வைத்து, வேறு அர்த்தம் வரக் கூடாதென்று கதவையும் சாத்தியிருந்தேன்.

மாஸ்டர் சத்தம் கேட்டு வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

"என்ன பாய், உள்ள வண்டு பூந்துருச்சா?"

ஜமால் சட்டை நுனியால் எலும்புத் தூளைத் துடைத்தான்.

"இருபது வருஷமா வாசிக்கிறீங்க. ஒரு கிட்டாரைச் சரியா எடுத்துட்டு வர முடியலையே. நம்ம கீபோர்டுக்கு இந்த நோவெல்லாம் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தி, தன்மையாகத்தான் சொன்னார். "ஒண்ணும் இல்ல பாய். இன்னைக்கு நான் பாத்துக்கிறேன். பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

ஜமால் உறையை எடுத்து ஜிப்பைத் திறந்தான். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மேடையில் டிரம்ஸ்காரர், கிட்டார்காரர், தபலாக்காரர் என்று திருச்சியில் எனக்கு வேலை கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது, எனக்கு. நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன், உறையின் ஜிப் முழுதாகத் திறக்கிற வரைக்கும். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

"மாஸ்டர், இது நான் கெடுத்தது" என்றேன். "நீங்க சொன்ன கட்டை ஒண்ணு, நான் அராவின கட்டை ஒண்ணு. பாய் பேர்ல தப்பு இல்ல."

மாஸ்டருக்குப் புரியவில்லை. ஜமால் சொன்னான். புரிந்ததும் தபலாக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மாஸ்டரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரே, நல்ல வேளை முழுக் கட்டை இறக்கச் சொல்லல. ஆறரைக்கு முதல் பாட்டு. அதுக்குள்ள சத்தம் நின்னா பாய் வாசிக்கட்டும்."

அராவினதை ஒட்ட முடியாது என்று செவ்வாய்க்கிழமை சொன்னவன் வெள்ளிக்கிழமை ஒட்ட வேண்டியதாயிற்று. எப்போதோ ஹார்மோனியத்தில் விரலால் அழுத்துகிற கட்டை ஒன்று மூளியானபோது செய்தது நினைவுக்கு வந்தது. சமையல் சோடாவை வைத்து, உடனே ஒட்டுகிற பசையில் ஒரு சொட்டு விட்டால் கல்லாகிவிடும். மண்டபத்தின் சமையல்கட்டுக்கு ஓடினேன். பெரிய சமையல்காரர் கரண்டியோடு நின்றார்.

"கொஞ்சம் ஆப்ப சோடா வேணுங்க."

"எதுக்கு?"

"கிட்டாருக்கு."

"ஏன், அதுக்கு வாயுத் தொந்தரவா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமலேயே ஒரு பிடி அள்ளி வாழை இலைக் கிழிசலில் மடித்துக் கொடுத்தார். பசைக்கு, மேடையில் மாப்பிள்ளை பெண் பெயரைத் தெர்மாகோலில் ஒட்டிக்கொண்டிருந்த அலங்காரக்காரரிடம் கெஞ்சினேன். பெண்ணின் பெயரில் கடைசி எழுத்து பாக்கி இருந்தது. அது முடிந்த பிறகுதான் குப்பியைத் தந்தார்.

அரம் என் சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் நான் அதைத்தான் வைப்பேன். ஜமால் கம்பியை விலக்கிப் பிடிக்க, பள்ளத்தில் சோடா, ஒரு சொட்டுப் பசை, லேசாகப் புகை, பிறகு அரம். ஒரு பள்ளம் ஆயிற்று. இரண்டு, மூன்று. நாலாவது, தடிக் கம்பியின் பள்ளத்தில் சோடாவைப் போட்டுவிட்டுக் குப்பியைக் கவிழ்த்தால் வரவில்லை. அழுத்தினேன், உதறினேன். காலி. மணி ஆறு இருபது.

"விடுங்கண்ணே" என்றான் ஜமால். சோடாவை ஊதித் தள்ளினான். "தடிக் கம்பியை சும்மா விட்டாத்தானே ஜர்ருங்குது. விரல் வைக்காம அதைத் தொட மாட்டேன்."

"ரெண்டு மணி நேரமுமா?"

"பாப்போம்."

நான் கீழே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு. மாஸ்டரின் இடது கையும் பேஸ் வாசித்தது, ஜமாலும் வாசித்தான். இரண்டு பேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, என்ன கேட்கிறது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பாட்டும் அப்படியே. ஜர் என்று ஒரு தடவை கேட்ட மாதிரி இருந்தது. அது ஜெனரேட்டராகவும் இருக்கலாம். மூன்றாவது, மெதுவான பாட்டு. அந்த அம்மா கட்டிய தொண்டையோடு கீழே இறங்கிப் பாடினார். ஜமால் தலை நிமிரவில்லை, தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நடுவில் மாஸ்டரின் இடது கை கீபோர்டை விட்டு எழுந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தது. வலது கை வாசித்துக்கொண்டே இருக்க ஒரு வாய் குடித்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். கை திரும்பப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மடியில் போய் உட்கார்ந்தது. கடைசிப் பாட்டு வரைக்கும் அங்கேயே இருந்தது. தாகத்துக்கு எடுத்த கையா, வேண்டாம் என்று எடுத்த கையா? எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

புரோகிராம் முடிந்தும், இனி ஜமாலைக் கூப்பிடுவதா இல்லையா என்று மாஸ்டர் சொல்லவில்லை. ஜமால் பேஸை என்னிடமே கொடுத்து, புதுக் கட்டை போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என்னிடம் கோபமா இல்லையா என்பதும் முகத்தில் தெரியவில்லை.

மூன்று நாளில் நல்ல எலும்பு பார்த்து அறுத்து, நாலு பள்ளமும் அளந்து அராவி, பஃப் போட்டுப் பளபளப்பாக்கி வைத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் ஒரு கட்டை செய்ததில்லை. பழையதைத் தட்டி எடுக்கச் சுத்தியலைக் கையில் எடுத்தபோது போன் கத்தியது. ஜமாலின் வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, மாஸ்டர் கூப்பிட்டாரு. அடுத்த மாசம் மூணு புரோகிராம் என்னைய வரச் சொல்லிட்டாரு. அப்புறம் அந்தக் கட்டையை..." கர்ர்ர். அவ்வளவுதான்.

நாலு தடவை கேட்டேன். கட்டையைச் சீக்கிரம் மாற்றி வைங்க என்கிறான், வேறென்ன இருக்க முடியும்? அழகாகப் பொருந்தியது. அதனாலேயே சுத்தியலைக் கீழே வைத்தேன். கடையைப் பூட்டி, புதுக் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சத்திரத்தில் மாறி, திருவெறும்பூரில் இறங்கி, ஒர்க்‌ஷாப் கேட் எதிரே டீக்கடையில் மூன்றரை வரை நின்றேன். ஜமால் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

"என்னண்ணே, கிட்டாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கட்டையைன்னு சொன்னியே. எந்தக் கட்டை, என்ன பண்ணணும்?"

"அதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"நீ சொல்லு."

"புதுக் கட்டை போட வேணாம், அந்த சோடாக் கட்டையே இருக்கட்டும்னு சொன்னேண்ணே."

சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுக்கொண்டேன்.

"நாலாவது பள்ளம் இன்னும் ஜர்ருன்னுதானே இருக்கு?"

"இருக்கட்டும். அன்னைக்கு அந்தக் கம்பிக்குப் பயந்து பயந்துதான் ஒவ்வொரு விரலா வச்சேன். அப்படி வாசிச்சப்பத்தான் மாஸ்டர் கை எந்திரிச்சுது."

பேஸ் கிட்டாரில் கெட்டதை அப்படியே விடு என்று ஒருவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. டீ சொன்னான், குடித்தேன். கடைக்குத் திரும்பி வந்ததும் ஒரு அட்டைத் துண்டை எடுத்து, கோணல் எழுத்தில் எழுதி, பேஸின் கழுத்தில் நூல் போட்டுத் தொங்கவிட்டேன். "தொடாதே. கேட்டாச்சு."